தினமும் நடந்தும் எடை குறையாதது ஏன்: உணவும் உடலுழைப்பும் ஒன்றையொன்று இழுக்கும் விதம்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வயது 43, உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ, பகல் முழுவதும் கணினி முன் வேலை. ஐந்து மாதமாகத் தினமும் காலையில் 45 நிமிடம் நடக்கிறீர்கள். சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை. எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. உடற்பயிற்சிக்கூடப் பயிற்சியாளர் நடையை ஒன்றரை மணி நேரமாக்கச் சொல்கிறார். அலுவலக நண்பர் நடப்பதே வீண், சாப்பாட்டைக் குறைத்தால் போதும் என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. நடையில் செலவான ஆற்றல், உண்ட ஆற்றலிலிருந்து அப்படியே கழிகிறதா என்பதே அது. பயிற்சியாளரும் நண்பரும் எதிரெதிராகப் பேசினாலும், வரவு ஒருபுறம், செலவு ஒருபுறம், ஒன்றைத் தொட்டால் மற்றது அசையாது என்ற ஒரே நம்பிக்கையில் நின்றுதான் பேசுகிறார்கள். மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக நெடுங்காலம் பணியாற்றி வருபவன் என்ற முறையில் என்னால் சொல்ல முடிவது, அந்த நம்பிக்கை பாதிதான் சரி என்பது.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். உண்ட உணவின் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகவும் வேலையாகவும் செலவாகிறது, ஒரு பகுதி கழிவில் வெளியேறுகிறது, மிஞ்சியது உடலில் தங்குகிறது. நான்காவது வழி கிடையாது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் 1890களில் ஓர் அறை அளவுக்குக் கலோரிமானி (வெளிவரும் வெப்பத்தை அளக்கும் கருவி) அமைத்து, அதற்குள் ஆட்களை நாள்கணக்கில் தங்கவைத்து, உண்டதையும் கழித்ததையும் மூச்சையும் உடல் வெப்பத்தையும் அளந்து, இந்தக் கணக்கு மனித உடலுக்கும் பொருந்துவதைக் காட்டினார். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கிலோகலோரி, கொழுப்புக்கு 9 என்று இன்று பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறம் வரை வந்திருக்கும் அளவுகள் அவருடைய உழைப்பின் வழி வந்தவை. ஆகவே, கலோரிக் கணக்கே பொய் என்று காணொளிகளில் சொல்வோரை நம்ப வேண்டாம். கணக்கு மெய். ஆனால் அது சொல்வது மிகக் கொஞ்சம். எடை கூடியிருந்தால் வரவு மிஞ்சியிருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். ஏன் மிஞ்சியது, பசியைக் கூட்டியது எது, கைகால்களைச் சோம்ப வைத்தது எது என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குள் இல்லை.

உங்கள் செலவுப் பக்கத்தைப் பார்ப்போம். மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரப்படி, உங்கள் வயது, உயரம், எடையுள்ள ஆண் ஒருவர் ஓய்வாகக் கிடந்தாலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,620 கிலோகலோரி செலவாகும். மேலைநாட்டவரை அளந்து வகுத்த சூத்திரங்கள் இந்தியர்களுக்குச் சற்றுக் கூட்டியே காட்டுகின்றன என்பதால் 1,500 முதல் 1,600 வரை என்று வைத்துக்கொள்வோம். மூளை, கல்லீரல், இதயம், சிறுநீரகம் ஆகியவை தம் வேலையைச் செய்வதற்கும் உடல் வெப்பத்தைக் காப்பதற்குமான செலவு இது. உண்டதைச் செரித்து உடலில் சேர்ப்பதற்கு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போகும். மீதி மட்டுமே அசைவுகளுக்கானது. மேசை வேலையில் இருக்கும் உங்களுக்கு எல்லாம் சேர்ந்து 2,200 கிலோகலோரியை ஒட்டி வரலாம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 65 கிலோ எடையுள்ள, உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 2,110 கிலோகலோரி என்றும், அதே எடையில் கடும் உடலுழைப்பு உள்ளவருக்கு 3,470 என்றும் 2020இல் வரையறுத்தது. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள 1,360 கிலோகலோரி, நாள் முழுவதும் மண் வெட்டி, கல் சுமந்து வருகிற வேறுபாடு. முக்கால் மணி நேர நடையில் வருவதன்று.

நாற்பதைத் தாண்டியதும் வளர்சிதை மாற்றம், அதாவது உடல் ஆற்றலைச் செலவிடும் வேகம், விழுந்துவிட்டதோ என்றும் கேட்டிருந்தீர்கள். 2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை 6,400க்கும் மேற்பட்டோரின் ஆற்றல் செலவைத் தொகுத்துப் பார்த்தார்கள். உடலின் அளவையும் தசையையும் கணக்கில் கொண்டால், 20 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் செலவு ஏறக்குறைய மாறுவதே இல்லை என்று தெரிந்தது. ஆகவே உங்கள் வயதின்மேல் பழியைப் போட இடமில்லை. தசை குறைந்திருக்கலாம், அசைவு குறைந்திருக்கலாம், அவை வேறு.

இனி நடை. சமதரையில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடப்பவருக்கு ஓய்வில் ஆகும் செலவைப் போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு ஆகும். உங்கள் எடைக்கு 45 நிமிடத்தில் 200 கிலோகலோரியைச் சற்றுத் தாண்டும். ஆனால் அந்த முக்கால் மணி நேரம் நீங்கள் நாற்காலியில் இருந்திருந்தாலும் 60 கிலோகலோரி அளவுக்குச் செலவாகியே இருக்கும். அதைக் கழித்தால் நடையால் கூடுதலாகக் கிடைப்பது 150க்குச் சற்றுக் குறைவு. கைக்கடிகாரக் கருவிகள் பெரும்பாலும் இந்தக் கழித்தலைச் செய்யாமல் மொத்தத்தையே காட்டுகின்றன. தவிர, அவற்றின் ஆற்றல் கணிப்பு ஒரு கருவிக்கும் இன்னொரு கருவிக்கும் வெகுவாக வேறுபடும். நடந்த தூரத்தையும் எடுத்துவைத்த அடிகளின் எண்ணிக்கையையும் அறிய அவை உதவும். எரிந்த கலோரி என்று காட்டும் எண்ணை நம்பி அதற்கு ஈடாகச் சாப்பிடுவது எனக்கு உடன்பாடில்லை.

நாளுக்கு 150 என்றால் ஐந்து மாதத்தில் 22,500 கிலோகலோரி. உடலில் ஒரு கிலோ குறைய 7,700 கிலோகலோரி கழிய வேண்டும் என்ற பழைய கணக்கின்படி, மூன்று கிலோ குறைந்திருக்க வேண்டும். அந்த மூன்று கிலோ எங்கே போயிற்று என்பதே உங்கள் மனக்குறை. இந்தப் பழைய கணக்கு 1958இல் மாக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற மருத்துவர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. கொழுப்புத் திசுவின் ஆற்றல் அளவாக அது தவறன்று. ஆனால் எடை குறையக் குறைய உடலின் செலவும் சேர்ந்து குறைகிறது என்பதை அது விட்டுவிடுகிறது. சிறிய உடலைச் சுமந்து நடக்கக் குறைந்த ஆற்றலே போதும். இதைக் கணக்கில் சேர்த்து அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் பணியாற்றிய கெவின் ஹால் குழுவினர் 2011இல் ஒரு எளிய விதியைத் தந்தார்கள்: நாள்தோறும் ஏறத்தாழ 24 கிலோகலோரியை நிலையாகக் குறைத்தால் இறுதியில் ஒரு கிலோ குறையும், அதில் பாதி குறையவே ஓராண்டு ஆகும், முழுதும் குறைய மூன்றாண்டு அளவு ஆகும். உணவைக் குறைப்பதற்காக வகுத்த விதி இது. உங்கள் நடைக்குப் பொருத்திப் பார்த்தால், மூன்று ஆண்டுகளில் ஆறு கிலோ, ஆனால் முதல் ஐந்து மாதத்தில் ஒன்றரை கிலோதான் வருகிறது. அதாவது நீங்கள் எதிர்பார்த்ததில் பாதி தொடக்கத்திலிருந்தே இல்லாத ஒன்று.

எடைக்கருவியின் முன் ஒன்றரை கிலோ என்பது மிகச் சிறிய அளவு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் சேரும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் அளவுக்கு நீரைப் பிடித்துவைக்கும். முந்தைய இரவு கல்யாண விருந்து, உப்பு மிகுந்த ஊறுகாய், மலச்சிக்கல் என்று எது வந்தாலும் மறுநாள் காலையில் ஒரு கிலோ ஏறி நிற்கும். மாதத்துக்கு ஒருமுறை ஏறி நின்று பார்ப்பவருக்கு இந்த ஏற்ற இறக்கத்துக்குள் உண்மையான மாற்றம் மறைந்துபோகும்.

இருந்தாலும், அந்த ஒன்றரை கிலோவும் முழுதாக உங்களுக்குக் கிடைத்திருக்காது. உடலுழைப்பைக் கூட்டும்போது உடல் வேறு இடத்தில் சிக்கனம் பிடிக்கிறது. டியூட்டீரியமும் ஆக்சிஜன்-18ம் (ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் எடை கூடிய வடிவங்கள்) கலந்த நீரைக் குடிக்கவைத்து, அவை சிறுநீரில் குறைந்துவரும் வேகத்தைக் கொண்டு, ஆளை அறையில் அடைக்காமலே மொத்த ஆற்றல் செலவை அளக்கும் முறை ஒன்று உண்டு. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களிடம் ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் இந்த முறையால் அளந்து 2012இல் வெளியிட்ட முடிவு பலரை வியக்கவைத்தது. அவர்கள் நாள்தோறும் பல கிலோமீட்டர் நடப்பவர்கள். ஆனாலும் உடலளவைக் கணக்கில் கொண்டால், அவர்களுடைய மொத்தச் செலவு அமெரிக்க, ஐரோப்பிய நகரவாசிகளுடையதைவிடக் கூடுதலாக இல்லை. இதிலிருந்து பான்ட்சர், உடல் தன் மொத்தச் செலவை ஒரு வரம்புக்குள் வைத்துக்கொள்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். இந்தக் கருத்தை முழுமையாக ஏற்காதவர்களும் துறையில் இருக்கிறார்கள். வரம்பு எவ்வளவு இறுக்கமானது, எந்த உறுப்பு எந்தச் செலவைக் குறைக்கிறது என்பதில் விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. ஓரளவுக்கு ஈடுகட்டல் நடக்கிறது என்பதில் மட்டும் கருத்து ஒருமித்து வருகிறது. 2021இல் 1,700க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளை ஆராய்ந்த இன்னொரு குழு, கூடுதல் உழைப்பில் செலவாகும் ஆற்றலில் சராசரியாக 28 சதவீதத்தை உடல் வேறு வழியில் மிச்சம்பிடித்துவிடுகிறது என்று கணித்தது. பலரை ஒப்பிட்டுப் பெற்ற சராசரி இது. ஒருவரை நடக்கவைத்து முன்னும் பின்னும் அளந்து கண்டதன்று. அந்தச் சராசரி உங்களுக்கும் பொருந்துமானால் 150 என்பது 110க்கு அருகில் இறங்குகிறது; ஐந்து மாதத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

இந்தச் சிக்கனத்தில் ஒரு பகுதி நம் கண்ணுக்கே தெரிவது. காலையில் நடந்துவிட்டோம் என்ற நிறைவில் மாடிப்படிக்குப் பதில் மின்தூக்கி, தெருமுனைக் கடைக்கு இருசக்கர வண்டி, ஞாயிறு பிற்பகலில் நீண்ட தூக்கம். பயிற்சி என்று பெயர் பெறாத இந்த உதிரி அசைவுகள் எவ்வளவு முக்கியம் என்பதை மேயோ மருத்துவ மையத்தின் ஜேம்ஸ் லெவின் குழு 1999இல் காட்டியது. 16 பேருக்கு எட்டு வாரம், தேவைக்கு மேல் நாளுக்கு 1,000 கிலோகலோரி கூடுதலாக ஊட்டினார்கள். ஒருவருக்குக் கூடிய கொழுப்பு 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. உண்டது ஒன்றேபோல, வேறுபாட்டைப் பெருமளவு விளக்கியது, அவர்கள் அறியாமலே எழுந்து, நடந்து, அசைந்து செலவழித்த ஆற்றல். எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது என்று நாம் சொல்லும் ஆட்கள் கற்பனை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

இனி மறுபக்கம், உணவு. உணவில் எதையும் மாற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கேள்வியில், நடை முடிந்து திரும்பும்போது நண்பர்களோடு தேநீர்க் கடையில் நின்று பேசுவது பிடித்திருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை போட்ட ஒரு பால் தேநீர் 80 முதல் 100 கிலோகலோரி. கூட ஒரு மெதுவடை வந்தால் நடை ஈட்டியது அங்கேயே தீர்ந்துவிடும். இது குறைகூறல் இல்லை. மனிதர்கள் தாம் உண்டதை நினைவிலிருந்து சொல்வதில் இயல்பாகவே தவறுகிறார்கள். 1992இல் நியூயார்க்கில் செய்த ஆய்வொன்றில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று வந்தவர்களை அளந்து பார்த்தபோது, அவர்கள் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உழைத்ததை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தது தெரிந்தது. பொய் சொல்லும் நோக்கம் அவர்களுக்கு இருந்ததாக ஆய்வாளர்கள் கருதவில்லை, நானும் கருதவில்லை.

அதனால் நான் ஆலோசனைக்கு வருவோரிடம் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு நிறுத்துவதில்லை. வீட்டில் மாதத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பேன். மளிகைச் சீட்டு நினைவைவிட நம்பத்தக்கது. நால்வர் உள்ள வீட்டில் மாதத்துக்கு ஐந்து லிட்டர் என்றால், ஒரு லிட்டர் ஏறத்தாழ 8,300 கிலோகலோரி என்ற கணக்கில், தலைக்கு நாளொன்றுக்கு 345 கிலோகலோரி எண்ணெயிலிருந்தே வருகிறது. நெய்யும் தேங்காயும் வெளியில் உண்பதும் இதில் சேரவில்லை. அதே வீட்டில் ஐந்து லிட்டரை மூன்றாக்கினால் தலைக்கு நாளுக்கு 138 கிலோகலோரி குறையும், அதாவது உங்கள் முக்கால் மணி நேர நடைக்கு ஏறத்தாழ சமம், அதுவும் வீட்டிலுள்ள நால்வருக்கும். தட்டின் அளவு மாறுவதில்லை. தோசைக்கல்லில் ஊற்றும் எண்ணெயும் தாளிப்பும் வறுவலும் மட்டும் மாறுகின்றன. உணவைக் குறைப்பது என்றதும் சோற்றை மட்டும் நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். வெந்த சோறு 100 கிராமில் 130 கிலோகலோரிதான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 125.

உணவின் தன்மையும் கணக்கை மாற்றுகிறது. கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் சமைத்த எளிய உணவும், இரண்டையும் வேண்டிய மட்டும் உண்ணக் கொடுத்தார்கள். முன்வைத்த உணவின் சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு ஆகியவற்றைக் கூடியவரை சமமாக்கியிருந்தும், முதல் வகையில் நாளுக்கு 500 கிலோகலோரி கூடுதலாக உண்டு 0.9 கிலோ கூடினார்கள். இரண்டாவதில் அதே அளவு குறைந்தார்கள். பசி தன் அளவைத் தானே அறியும் என்பது எல்லா உணவுக்கும் பொருந்தாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பசிக்கும் உழைப்புக்கும் உள்ள உறவைப் பற்றி, நம் நாட்டிலேயே நடந்த ஒரு பழைய ஆய்வை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஊட்டச்சத்து அறிஞர் ழான் மேயரும் அவருடன் இரு இந்திய ஆய்வாளர்களும் மேற்கு வங்கத்தின் ஒரு சணல் ஆலையில், கடையில் உட்கார்ந்திருப்பவர், எழுத்தர் முதல் மூட்டை சுமப்பவர் வரை 200க்கும் மேற்பட்ட ஆண்களின் உணவையும் எடையையும் வேலையையும் பதிவுசெய்து 1956இல் வெளியிட்டார்கள். இலேசான வேலையிலிருந்து கடினமான வேலைக்குப் போகப் போக உண்பதும் கூடியது, எடை கூடவில்லை. அது எதிர்பார்த்ததே. ஆனால் இலேசான வேலைக்கும் கீழே, நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பவர்களிடம், உண்பது குறையவில்லை, கூடியிருந்தது. எடையும் அவர்களுக்கே மிகுதி. ஓரளவுக்கு மேல் உழைப்பவரின் பசி செலவைப் பின்தொடர்கிறது, உழைப்பே இல்லாதவரின் பசி அந்தப் பிடியிலிருந்து நழுவிவிடுகிறது என்று மேயர் இதற்கு விளக்கம் தந்தார். ஒரே காலத்தில் பலரைப் பார்த்த ஆய்வு இது. உட்கார்ந்ததால் பசி மிகுந்ததா, கடைக்காரருக்குக் கையில் பணமும் பக்கத்தில் பலகாரமும் இருந்ததா என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பிந்தைய ஆய்வுகள் பலவும் இதே திசையைக் காட்டுவதால், உட்கார்ந்தே இருப்பது பசியின் கட்டுப்பாட்டைக் கெடுக்கிறது என்பதை நிறுவப்பட்டது என்று கொள்ளாமல், நம்பத்தக்கது என்று கொள்கிறேன். கடும் பயிற்சி முடிந்த உடனே சிறிது நேரம் பசி அடங்குவது பரிசோதனைகளில் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த சில நாள்களில் அது எப்படித் திரும்பி வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது.

இப்போது உங்கள் நண்பரின் பக்கம். எடையைக் குறைப்பது மட்டுமே நோக்கமானால், உணவைக் குறைப்பதே வேகமான வழி என்று அவர் சொல்வது சரி. 150 கிலோகலோரியைத் தட்டில் விட்டுவிட ஒரு நிமிடம் போதும். ஆனால் உணவை மட்டும் குறைத்தால் செலவும் பின்னாலேயே குறையும். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் 36 இளைஞர்களுக்கு 24 வாரம், நாளுக்கு ஏறத்தாழ 1,570 கிலோகலோரி மட்டும் கொடுத்தார். வாரம் 22 மைல் நடக்கவும் வைத்தார். அவர்கள் உடல் எடையில் கால் பங்கை இழந்தார்கள். கூடவே ஓய்வுநிலைச் செலவு இறங்கியது, தசை கரைந்தது, குளிர் தாங்காமல் போயிற்று, நாள் முழுதும் உணவு நினைப்பாகவே இருந்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி எடைகுறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டு கழித்து அளந்து 2016இல் வெளியிட்டபோது, அவர்களுடைய ஓய்வுநிலைச் செலவு அவர்கள் உடலளவுக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்கு 500 கிலோகலோரி குறைவாகவே இருந்தது. பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது. திரும்பாதவர்களிடம் கண்ட முக்கிய வேறுபாடு, அவர்கள் உடலுழைப்பைப் பெருமளவு கூட்டி அதைத் தொடர்ந்து வந்ததே. 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய, எடையைக் குறைத்துத் தக்கவைத்தவர்களின் பதிவேட்டிலும், நாளுக்கு ஒரு மணி நேர அளவில் உடலுழைப்பு என்பதே பெரும்பாலோரிடம் பொதுவாகக் காணப்படுகிறது. குறைப்பதில் உணவுக்கும், குறைத்ததைக் காப்பதில் உழைப்புக்கும் பெரிய பங்கு என்பது என் முடிவு. நண்பர் பாதியைச் சொல்கிறார். பயிற்சியாளர் மறுபாதியை மிகைப்படுத்திச் சொல்கிறார்.

நடப்பது வீண் என்ற சொல்லை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அதை மறுக்கும் மிகச் சிறந்த சான்று சென்னையிலிருந்தே வந்தது. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கண்காணித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் மேற்கொண்ட குழுவில் 39.3 சதவீதத்தினருக்கு. இடர் 28.5 சதவீதம் குறைந்திருந்தது. அந்தக் குழுவினருக்குச் சொல்லத்தக்க எடைக்குறைவு எதுவும் இல்லை என்பதுதான் இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது. சுருங்கி விரியும் தசை, இன்சுலினைப் பெரிதும் நம்பாமலே இரத்தச் சர்க்கரையை உள்ளிழுத்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் அதன் இன்சுலின் உணர்திறன் (இன்சுலினுக்கு இணங்கும் தன்மை) கூடியிருக்கிறது. கல்லீரல் கொழுப்பும் இரத்த அழுத்தமும் இறங்குகின்றன. இவை எதுவும் எடைக்கருவியில் தெரியாதவை. அந்த ஆய்வில் உணவும் நடையும் சேர்ந்தே இருந்ததால் நடையின் தனிப்பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் எடை இறங்காமலே நன்மை உண்டு என்பது மட்டும் தெளிவு. உங்கள் உயரத்துக்கு 78 கிலோ என்பது பி.எம்.ஐ. (எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 27.6. இந்தியர்களுக்கு 25க்கு மேல் உடல்பருமன் என்று கொள்கிறோம். ஆகவே உங்களுக்கு இந்த நன்மை அவசியமானது.

உங்கள் நிலையில் ஒருவர் நேரில் வந்தால் என்ன சொல்வேனோ அதையே எழுதுகிறேன். நடையை ஒன்றரை மணி நேரமாக்க வேண்டாம். இப்போதுள்ள 45 நிமிடமே உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 முதல் 300 நிமிடம் என்ற அளவை எட்டிவிட்டது. கூடுதல் நேரம் இருந்தால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை தாருங்கள்: நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், தண்டால், எடை தூக்கல் என எதுவானாலும் சரி. ஒரு கிலோ தசை ஓய்வில் நாளுக்கு 13 கிலோகலோரி அளவுக்கே செலவழிக்கும் என்பதால், தசை வளர்த்தால் எரிப்பு எகிறும் என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். எடை குறையும்போது கொழுப்பு கரைந்து தசை நிற்பதற்காகவே இது. உணவில் நாளுக்கு 300 முதல் 400 கிலோகலோரி குறைத்தால் போதும்: மாத எண்ணெய், தேநீரில் சர்க்கரை, வடை, மாலை நொறுக்குத்தீனி ஆகிய நான்கு இடங்களில் அது பெரும்பாலும் கிடைத்துவிடும். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் வழியாகக் கிலோ எடைக்கு ஒரு கிராம் புரதமாவது சேருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். புரதத்தின் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிக்கவே செலவாகிறது, பசியையும் அது நன்றாகத் தாங்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. எடையை வாரத்தில் சில நாள் ஒரே நேரத்தில் பார்த்து, வாரச் சராசரியை மட்டும் குறித்துவையுங்கள். இடுப்புச் சுற்றளவையும் மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். அது 90 செ.மீ.க்குக் கீழே வருவது எடையில் இரண்டு கிலோ குறைவதைவிட எனக்கு நிறைவு தரும்.

இவ்வளவும் நீங்கள் எழுதிய சில வரிகளை வைத்துச் சொன்னவை. தைராய்டு சுரப்புக் குறைவு, உறக்கத்தில் மூச்சுத்திணறல், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் ஆகியவை எடையைப் பிடித்துவைக்கும். பரிசோதனை முடிவைப் பார்க்காமல் அவற்றை யாரும் விலக்கிவிட முடியாது. ஏற்கெனவே இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை குறைக்கும் மாத்திரையோ எடுத்துக்கொண்டிருந்தால், உணவைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டும்போது சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்குத் தாழலாம். அப்படியானால் மேலே சொன்ன எதையும் தொடங்கும் முன் மருந்தின் அளவை உங்கள் மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் நடக்கும் பழக்கம் இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.